கார்கி வளர்க்கறீங்களா, மொதல்ல முதுகைப் பாருங்க

கார்கி குட்டி வாங்கலாமான்னு கேக்கறவங்க எல்லாரும் அந்தக் குட்டைக்கால பாத்து மயங்கிடறாங்க, ஆனா நான் சொல்றது அந்த நீளமான முதுகைப் பாருங்கன்னுதான், ஏன்னா இந்த நாய வளர்க்கறதுல பாதி வேலை அத காப்பாத்தறதுதான்.

இது வேல்ஸ் நாட்டுல மாடு ஓட்டின நாய். மாட்டோட குதிகால லேசா கவ்வி நகர்த்தும், மாடு உதைச்சா உதை இது தலைக்கு மேல போயிடும். பெம்புரோக், கார்டிகன்னு ரெண்டு இனம், வால் நரி மாதிரி நீளமா இருந்தா பெரும்பாலும் கார்டிகன். எலிசபெத் ராணி வளர்த்தது பெம்புரோக். உயரம் ஒரு அடிக்குள்ளதான், ஆனா எடை 10 கிலோவத் தாண்டும், குரலும் பெருசு. கொழந்தைங்க ஓடினா குதிகால கவ்வ வரும், எங்க வீட்ல அக்கா பசங்கள சுத்திச் சுத்தி ஒரு மூலைக்கே ஓட்டிடுச்சு. அடிக்காதீங்க, அது பொறவிலயே ஊறினது, பசங்கள நிக்கச் சொல்லிட்டு பந்தக் காட்டித் திருப்புங்க, விடாம செஞ்சா கொஞ்சம் கொஞ்சமா மாறும்.

இப்ப முதுகு. மாடிப்படி, கட்டில், சோபா எதுலருந்தும் குதிக்க விடாதீங்க. ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வச்சு கூட்டிட்டுப் போயி அப்படியே கீழ குதிக்க விடறாங்க பாருங்க, அத பாத்தாலே எனக்கு மனசு பதறும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில, இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில, முதுகு தரைக்கு மட்டமா இருக்கணும். பின்னங்கால் தள்ளாடினாலோ முதுகத் தொட்டா கத்தினாலோ எண்ணெய் தேய்ச்சுப் பாக்கலாம்னு உக்காராம அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க, முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு (டிஸ்க்) விலகியிருந்தா ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

எடை ஏறினா அந்தப் பாரம் முழுக்க முதுகுக்குத்தான். விலாவுல கை வச்சா எலும்பு தட்டுப்படணும், மேலருந்து பாத்தா இடுப்பு தெரியணும். சாப்பாட்ட அளந்து ரெண்டு வேளை போடுங்க, அதுக்கு மேல ஆளாளுக்கு ஒரு உருண்டை களி, ஒரு பிஸ்கட்னு குடுத்தா கெட்டுது. நம்ம ஊர்ல மாம்பழ சீசன்ல இன்னொண்ணு கவனிக்கணும், கொட்டைய முழுங்கிட்டா குடல்ல அடைச்சிக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகும், அதனால சாப்ட கொட்டைய கையோட மூடி போட்ட பக்கெட்ல போடுங்க.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கொஞ்சம் பரவால்ல, தருமபுரி, கிருஷ்ணகிரி ஏப்ரல் வெயில்ல பகல்ல வெளிய கூட்டிட்டுப் போகவே கூடாது. விடியக்காலைலயும் ராத்திரியும் நடக்க விடுங்க, ரோட்ல பொறங்கைய அஞ்சு செகண்ட் வச்சுப் பாத்து சுட்டா வீட்டுக்குத் திரும்புங்க. வெயிலுக்குன்னு முடிய மொட்டை அடிச்சிடாதீங்க, ரெண்டு அடுக்கு முடி அது, வெயில் நேரா தோல்ல படாம தடுக்கும். அதுக்குப் பதிலா வாரத்துல மூணு நாள் சீவி விடுங்க, முடி கொட்டற காலத்துல தெனமும்.

வயிறு தரைய ஒட்டி இருக்கறதால புல்லுல நடந்தா உண்ணி சீக்கிரம் ஏறும். நடந்து வந்ததும் காது ஓரம், அக்குள், விரல் இடுக்கு, அடிவயிறுன்னு தடவிப் பாருங்க, நனைஞ்சிருந்தா துண்டால தொடைச்சிட்டு அப்புறம் உள்ள விடுங்க.