வீட்டுப் பட்டறைக்கு முதல் லேத்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுபோகத்தின் நடுவில் நீரிறைக்கும் இயந்திரத்தின் புஸ் ஒன்று தேய்ந்துவிட்டால், அதைக் கடைந்து எடுப்பதற்காகக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய், லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறையில் முறை வரும்வரை காத்திருந்து திரும்புவதற்குள் பயிர் வாடத் தொடங்கிவிடும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கங்களில் வெல்டிங்கும் இயந்திரத் திருத்தமும் தெரிந்த பலர், வீட்டிலேயே ஒரு சிறிய லேத் இருந்தால் நல்லது என்று எண்ணுவதற்கு இதுதான் காரணம். அந்த எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் இயந்திரத்தின் படத்தையும் விலையையும் பார்த்து ஆசைப்பட்ட பின்னரே அதில் செய்யப்போகும் வேலையைப் பற்றி யோசிக்கிறோம். முதல் லேத் வாங்குவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

என்னுடைய முதல் இயந்திரம் சீனத் தயாரிப்பான, ‘ஏழுக்குப் பன்னிரண்டு’ என்று அழைக்கப்படும் சிறிய லேத். ஏழு அங்குலம் என்பது படுக்கைக்கு (லேத்தின் நீண்ட அடித்தளத்துக்கு) மேலே சுழலக்கூடிய பொருளின் விட்டம், பன்னிரண்டு அங்குலம் என்பது பொருளைத் தாங்கும் இரு முனைகளுக்கும் இடையிலான நீளம். வந்த கிழமையே 25 மில்லிமீற்றர் விட்டமும் ஒன்றரை அடி நீளமும் கொண்ட பம்புத் தண்டு ஒன்றைத் திருத்தித் தருமாறு அயலவர் ஒருவர் கொண்டுவந்தார். பொருளைப் பிடிக்கும் சக் பூட்டப்படும் சுழல்தண்டின் துளை 20 மில்லிமீற்றர்தான். ஆகவே தண்டு அதற்குள் நுழையவில்லை. வெளியே நீட்டிப் பிடிக்கவும் இடம் போதவில்லை. கடைசியில் அவர் அதைக் கிளிநொச்சிக்கே எடுத்துச் சென்றார். விற்பனைத் தாளில் துளையின் அளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தும் நான் அதை ஒரு பொருட்டாக வாசித்திருக்கவில்லை.

அளவுகளை வாசிக்கும்போது கவனிக்க வேண்டியது இன்னும் உண்டு. 180 மில்லிமீற்றர் சுழலும் என்று சொல்லப்படும் லேத்தில், வெட்டும் கருவியைத் தாங்கும் குறுக்குச் சறுக்கிக்கு மேலே ஏறத்தாழ 110 மில்லிமீற்றர் விட்டம்தான் சுழலும். நீளமான உருளைகளைக் கடைவதற்கு உண்மையான எல்லை இந்த இரண்டாவது அளவே. அதுபோலவே முனைகளுக்கிடையில் 300 மில்லிமீற்றர் என்பது முழுவதும் நமக்குக் கிடைக்கும் இடமல்ல. சக் ஏறத்தாழ 70 மில்லிமீற்றரைப் பிடித்துக்கொள்ளும். படுக்கையின் மறுமுனையிலுள்ள டெயில் ஸ்டொக்கில் பூட்டும் டிரில் சக்கும் துளையிடும் அலகும் சேர்ந்து 150 மில்லிமீற்றருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஒரு துண்டின் நடுவே துளையிட வேண்டுமானால், சக்கிற்கு வெளியே நிற்கும் அதன் நீளம் நூறு மில்லிமீற்றரை எட்டுவதே கடினம். பழைய பிரித்தானிய இயந்திரங்களில் இன்னொரு குழப்பம் உண்டு. அங்கே விட்டத்தைச் சொல்லாமல் படுக்கையிலிருந்து மையத்தின் உயரத்தைச் சொல்வது வழக்கம். மைபோர்ட் எம்எல்7 லேத்தை மூன்றரை அங்குலம் என்று விற்பார்கள். அதில் ஏழு அங்குல விட்டம் சுழலும். இது தெரியாமல் அதைச் சீன லேத்தின் பாதி அளவென்று எண்ணி நல்ல இயந்திரத்தைக் கைவிட்டவர்களை அறிவேன்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு கொப்பியை எடுத்து, கடந்த ஓராண்டில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோன ஒவ்வொரு வேலையையும் அதன் விட்டத்தோடும் நீளத்தோடும் எழுதிப் பாருங்கள். புஸ், வளையம், ஊசி, சிறிய கப்பி, உடைந்த ஆணிக்கு மாற்று ஆகியவையே அதிகமென்றால் சிறிய லேத் போதும். உழவு இயந்திரத்தின் பிரேக் டிரம்மும் சில்லின் மையமும்தான் உங்கள் வேலை என்றால், எந்த மேசை லேத்தும் உதவாது. அந்தப் பணத்தைச் சேமித்து வைப்பதே மேல்.

அளவு ஒத்த இரண்டு லேத்துகளுக்குள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டுமானால் பாரம் கூடியதை எடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. நான் சொன்ன சீன லேத் ஏறத்தாழ 40 கிலோ. அதே விட்டம் சுழலும் எம்எல்7 அதைப்போல் இரண்டு மடங்கு பாரமானது. வார்ப்பிரும்பின் பாரம்தான் வெட்டும்போது எழும் அதிர்வை விழுங்குகிறது. மெல்லிய இயந்திரத்தில் இரும்புத் தண்டொன்றை அறுத்துத் துண்டாக்க முயன்றால் கருவி நடுங்கும், ஓசை எழும், மேற்பரப்பில் அலை அலையாகக் கோடு விழும். லேத்தோடு துருவலையும் (மில்லிங்) துளைத்தலையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் மும்முக இயந்திரங்களை முதல் லேத்தாக வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இந்த உறுதிக் குறைவே காரணம்.

அடுத்தது மின்சாரம். வன்னியில் இதை ஒருவரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறிய லேத்துகளில் 500 அல்லது 600 வாற்று என்று எழுதியிருக்கும் மோட்டாரின் வலு, அது முழு வேகத்தில் சுழலும்போது கிடைப்பது; மின்னணுப் பலகை வேகத்தைக் குறைக்கும்போது வலுவும் கூடவே குறைகிறது. 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரும்பை எச்எஸ்எஸ் (அதிவேக உருக்கு) கருவியால் கடைவதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 சுற்றுகள்தான் தேவை. அந்த வேகத்தில் மோட்டாரிடம் மிஞ்சியிருக்கும் வலு சொற்பமே. அதை வற்புறுத்தினால் பலகை எரிந்துபோகும். எனவே மின்னணு வேகக் கட்டுப்பாட்டோடு பற்சில்லாலோ பட்டியாலோ வேகத்தைக் குறைக்கும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள். தூரத்து மின்மாற்றியிலிருந்து நீண்ட கம்பியில் மின்சாரம் பெறும் வீடுகளில், மாலையில் எல்லா வீட்டு விளக்குகளும் எரியும் நேரத்தில் மின்னழுத்தம் 230 வோல்ற்றிலிருந்து நன்றாக இறங்கிவிடும். வாங்குவதற்கு முன்பு சில நாட்கள் மாலை வேளையில், வீட்டில் வேறு மோட்டார் ஒன்று ஓடும்போது மீற்றரை வைத்து அளந்து பாருங்கள்.

கனடாவிலிருக்கும் உறவினர் ஒருவர் தாம் பாவித்த லேத்தைக் கப்பலில் அனுப்ப முன்வருவது நம்மிடையே அரிதல்ல. அது 120 வோல்ற்றுக்கும் 60 ஹேட்ஸுக்கும் செய்யப்பட்டது. மின்னழுத்தத்தைக் குறைக்க மோட்டாரின் வலுவுக்கு ஏற்ற பெரிய மின்மாற்றி வேண்டும். மின்னணுப் பலகை உள்ள லேத்துக்கு அது போதும். சாதாரணத் தூண்டல் மோட்டார் என்றால், இங்குள்ள 50 ஹேட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழல்வதோடு கூடுதலாகச் சூடேறவும் செய்யும். அதைக் கழற்றிவிட்டு இங்கேயே ஒரு மோட்டார் வாங்கிப் பூட்டுவது நல்லது. பழைய லேத்துகள் பலவற்றில் மூன்று கட்ட மோட்டார் இருக்கும். வீட்டுக்கு ஒற்றைக் கட்ட மின்சாரம்தான் வருகிறது என்பதற்காக அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஒற்றைக் கட்டத்தை எடுத்து 230 வோல்ற் மூன்று கட்டமாக மாற்றித் தரும் இன்வேட்டர் கிடைக்கிறது. ஆனால் மோட்டாரின் தகட்டில் 230/400 என்றிருந்தால்தான், இணைப்பை டெல்டாவுக்கு (முக்கோண இணைப்புக்கு) மாற்றி இதில் ஓட்டலாம். 400/690 என்றிருந்தால் முழு வலுவையும் பெற முடியாது. தகட்டை வாசிக்காமல் பேரம் பேசத் தொடங்குவது பெரும் பிழை.

பாவித்த இயந்திரம் என்று வரும்போது நம் மண்ணின் வரலாற்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் உதிரிப்பாகம் வராத காலத்தில், தேய்ந்ததை எல்லாம் கடைந்தே ஓட்டிய பட்டறைகள் வன்னியில் இருந்தன. அப்போது ஓய்வின்றி உழைத்த லேத்துகளும், 2008, 2009 இடப்பெயர்வில் கைவிடப்பட்டு மழையில் கிடந்தவையும் புதுப் பெயின்ற் பூசி விற்பனைக்கு வரலாம். பெயின்ற்றைப் பார்க்காதீர்கள். கருவியைச் சுமந்து படுக்கையில் நகரும் கரியேஜைச் சக்கின் அருகே கொண்டுவந்து, ஆட்டமில்லாமல் நகரும் அளவுக்கு அதன் திருகுகளை இறுக்கிவிட்டு, டெயில் ஸ்டொக் பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். பாதி வழியில் இறுகி நின்றால், சக்கின் அருகே படுக்கை தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் தேய்மானத்தை வீட்டில் திருத்த முடியாது. சுழல்தண்டின் உட்கூம்பில், சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துக் கையால் சுழற்றும்போது முள் 0.01 மில்லிமீற்றருக்குள் நின்றால் நல்லது. பிறகு சக்கின் அடியில் மரக்கட்டையைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பெயாரிங்கைச் சரிப்படுத்த முடியுமா என்று விசாரியுங்கள். கைப்பிடிகளைத் திருப்பும்போது தெரியும் வெற்றாட்டத்துக்கு அஞ்ச வேண்டாம். எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வருகிற பழக்கம் அதைச் சமாளிக்கும். இயலுமானால் ஓட்டிக் காட்டச் சொல்லி, 25 மில்லிமீற்றர் தண்டொன்றை 100 மில்லிமீற்றர் வெளியே நீட்டிப் பிடித்து மெல்லியதாக ஒருமுறை கடைந்து, இரு முனைகளையும் மைக்ரோமீற்றரால் அளவுங்கள். விற்பவர் சொல்லாததையும் அந்தத் துண்டு சொல்லும்.

மரை (திருகுப் புரி) வெட்டும் எண்ணம் இருந்தால், மரையின் அளவை மாற்ற உதவும் மாற்றுப் பற்சில்லுகளை எண்ணிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய லேத்துகளில் முதலில் தொலைவது அவைதான். நம் ஊரில் எல்லா வகை மரைகளும் கலந்தே புழங்குகின்றன. குபோட்டா எஞ்சின் மில்லிமீற்றர் மரையில் வரும், பழைய மசே பேர்குசனில் அங்குல மரைகள் இருக்கும், நீர்க்குழாயில் பிரித்தானியக் குழாய் மரை. அரை அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்கு 14 புரிகள், ஓரங்குலக் குழாய்க்கு 11. கரியேஜை நகர்த்தும் திருகுத் தண்டு அங்குல அளவில் உள்ள லேத்தில் மில்லிமீற்றர் மரையைத் துல்லியமாக வெட்ட 127 பற்கள் கொண்ட சில்லு வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றராகவும் அதன் ஐந்து மடங்கு 127 ஆகவும் இருப்பதே காரணம். அது இல்லாவிட்டால் மிக நெருங்கிய அளவைத் தரும் வேறு சில்லுகள் உண்டு. குறுகிய மரைகளுக்கு அவை போதும்.

கையிலுள்ள முழுப் பணத்தையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிடுவது மிகப் பரவலான தவறு. நாலு தாடைச் சக், காந்தத் தாங்கியோடு டயல் கேஜ், டிரில் சக், சுழலும் சென்ரர், மைக்ரோமீற்றர், கருவி தீட்டும் கிரைண்டர் ஆகியவை இல்லாமல் லேத் அரைகுறையாகவே நிற்கும். பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இவற்றுக்கென ஒதுக்குங்கள். கார்பைட் முனைகளின் பளபளப்பில் மயங்க வேண்டாம். அவற்றுக்கு வேகமும் உறுதியும் வேண்டும். சிறிய லேத்தில் கூராகத் தீட்டிய எச்எஸ்எஸ் கருவியே சுத்தமாக வெட்டும். மழுங்கினால் வீட்டிலேயே தீட்டிக்கொள்ளவும் முடியும்.

வீட்டுக்கு வந்த லேத்தைப் பாலை அல்லது முதிரைப் பலகை மேசையில் வைத்து இறுக்கிவிடுவார்கள். எவ்வளவு வலிய மரமானாலும் மாரியில் ஈரம் குடித்து, கோடையில் காய்ந்து அசையும். அதோடு சேர்ந்து படுக்கையும் முறுக்கிக்கொள்ளும், கடைந்த உருளை ஒரு பக்கம் பருத்து வரும். இரும்புச் சட்டமும் கொங்கிறீட் தரையும் நல்லவை. புதிய இயந்திரமென்றால், பூசி வந்த பசையை மண்ணெண்ணெயால் கழுவி, எண்ணெயிட்டு, தளர்ந்த திருகுகளைச் சரிசெய்த பின்னரே ஓட்டுங்கள். மழைக்காலத்தில் தகரக் கூரையின் அடியில் நீர் துளிர்த்துச் சொட்டும். பொலித்தீனால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கித் துருவேறும். எண்ணெய் பூசித் துணியால் மூடுவதே சரி.

வெல்டிங்கையும் லேத்தையும் ஒரே கொட்டிலில் வைத்திருப்போர் இரண்டையும் தட்டி வைத்துப் பிரிக்க வேண்டும். கிரைண்டரிலிருந்து பறக்கும் துகள் படுக்கையில் விழுந்தால் அரம்போல அரைக்கும். சக்கில் பிடித்திருக்கும் துண்டை அங்கேயே வைத்து வெல்டிங் செய்வதும் வேண்டாம்; மின்னோட்டம் பெயாரிங்குக்குள் பாய்ந்து அதன் மேற்பரப்பைப் பொத்துவிடும். சாரம் உடுத்தபடியோ கையுறை அணிந்தோ லேத்தின் முன் நிற்கக் கூடாது. சக் திறப்பிலிருந்து கையை எடுக்குமுன் அதைச் சக்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இறுதியாக, கடைவதற்கான இரும்பைப் பற்றி. பட்டறைக்குத் துண்டுகள் தேவைப்படும்போது பழைய இரும்புக் குவியலுக்குப் போவோம். பழைய அச்சுத் தண்டு, ஷொக் அப்சோர்பரின் தண்டு போன்று இன்னதென்று தெரிந்தவற்றை மட்டும் எடுங்கள். மண்ணைக் கிண்டும்போது வெளிவந்த உருளை, குழாய், பித்தளைத் துண்டு எதையும், அது எவ்வளவு நல்ல உலோகமாகத் தெரிந்தாலும், சக்கில் பூட்டாதீர்கள், அறுக்காதீர்கள், சூடாக்காதீர்கள். போர் விட்டுச்சென்ற வெடிபொருட்கள் இன்னும் இந்த மண்ணில் இருக்கின்றன. ஐயமான பொருளைக் கண்டால் தொடாமல், பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.