அரசின் பங்கை நம்பித் தொழிற்பழகுநர்களைச் சேர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 2014இலும் அதன் விதிகள் 2019இலும் திருத்தப்பட்ட பின், அப்ரண்டிஸ்களை, அதாவது தொழிற்பழகுநர்களைத் தேடும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. இவர்களுக்கு நிறுவனம் தரும் மாத உதவித்தொகையில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. 30 பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் இடங்களுக்கு அப்ரண்டிஸ்களைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ள பட்டறைகளுக்கு விருப்பம். புதிதாக வரும் இந்தச் சிறு நிறுவனங்களுக்குப் பதிவு வேலைகளில் உதவும்போது, எங்களைப் போன்ற பழையவர்கள் இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுவதைக் காண்கிறேன். கடவுச்சொல்லை மறப்பது, படிவத்தில் எழுத்துப்பிழை விடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

ஆளை இறக்கிவிட்டு ஒப்பந்தத்தைப் பிறகு போடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஆர்டர் குவிந்திருக்கும், ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் வாசலில் நிற்பார்கள். "முதலில் வேலையைப் பழகட்டும், பேப்பர் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று முதலாளி சொல்லிவிடுவார். அரசு தன் பங்கைக் கணக்கிடுவது ஒப்பந்தம் தொடங்கும் தேதியிலிருந்துதான். பையன் லேத்தின் முன் நின்ற முதல் நாளிலிருந்து அல்ல. ஆகவே இடைப்பட்ட மாதங்களின் பணம் யாருக்கும் வராது. தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழுக்கான பயிற்சிக் காலத்திலும் அந்த மாதங்கள் சேராது என்பதால் பையனுக்கும் இழப்புதான்.

அதைவிடப் பெரிய செலவு வேறு. சட்டத்தின்படி ஒப்பந்தம் பெற்ற அப்ரண்டிஸ் பயிற்சியாளரே தவிரத் தொழிலாளி அல்லர். அதனால்தான் அவருக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாதவருக்கு அந்த விலக்கு கிடையாது. ஒரு பட்டறையில் இப்படி "பழகிக்கொண்டிருந்த" இளைஞரின் விரல் இயந்திரத்தில் சிக்கியது. மருத்துவமனையில் ஈ.எஸ்.ஐ. எண் கேட்டபோது காட்ட எதுவும் இல்லை. சிகிச்சைச் செலவை ஏற்ற முதலாளி, பின்னர் கட்டாத சந்தாவை வட்டியோடு கட்டினார். எதிர்பார்த்த அரசுப் பங்கைப் போல அது பல மடங்கு. ஒப்பந்தம் இருந்தாலும் விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டுதான், ஆனால் அந்த இளைஞர் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறார் என்பதிலாவது குழப்பம் இருந்திருக்காது. இதை விளக்கிச் சொன்ன அடுத்த வாரமே, இன்னொருவர் "ஆளைச் சேர்த்துவிட்டேன், தேதியை முன்போட்டுத் தர முடியுமா" என்று கேட்கிறார், முடியாது.

கால் பங்கு என்பதை முழுத் தொகைக்கும் கணக்கிடுவது

2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு தருவது உதவித்தொகையில் 25 விழுக்காடு. உச்சவரம்பு மாதம் 1,500 ரூபாய். நீங்கள் 12,000 ரூபாய் கொடுத்தாலும் 3,000 வராது.

ஒரே பயிற்சியாளரை இரு திட்டங்களில் காட்டுவது

கூடாது. பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்குமான கல்வி அமைச்சகத் திட்டம் வேறு, மேலே சொன்ன, திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஊக்குவிப்புத் திட்டம் வேறு.

வங்கிக் கணக்கைப் பயிற்சியாளரின் பாடு என்று விடுவது

2023 ஆகஸ்ட் முதல் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசின் பங்கு நேரடியாகப் பயிற்சியாளரின் கணக்குக்கே செல்கிறது. ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னும், வங்கிப் புத்தகத்தில் பின்னும், மதிப்பெண் பட்டியலில் தந்தை பெயர் முழுதாகவும் இருப்பது நம் பிள்ளைகளிடம் சாதாரணம். ஆதார் இணைக்கப்பட்ட கணக்கு எது என்பதே பலருக்குத் தெரியாது. பள்ளி உதவித்தொகைக்காக என்றோ திறந்து உறங்கிப்போன கணக்காகவும் அது இருக்கலாம். ஒப்பந்தம் போடும் முன்பே வங்கிக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அதற்கான அரைநாள் விடுப்பை நிறுவனமே கொடுக்கட்டும்.