பழைய தியேட்டரை ஊருக்காக எடுக்கிறீர்களா? முதலில் கூரையைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர்க் கொட்டகை. அப்பா அங்கே படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தார். படம் நின்று பூட்டிக் கிடந்த கட்டடத்தை ஊரே சேர்ந்து எடுத்தது. இன்று சாயங்காலம் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள், மாதம் ஒரு நாடகமோ படமோ நடக்கிறது. தையல்கடை வைத்திருக்கும் நான் கமிட்டிப் பொருளாளர். பக்கத்து ஊர்க்காரர்கள் வழி கேட்டு வருவதால் எழுதுகிறேன்.

சாவியை வாங்குவதற்கு முன்னால் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான். அதற்கு முந்தைய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். அதில் ஆவணியில் ஆண்டு பிறப்பதால், ஆங்கில ஆண்டு தெரிய ஆவணியிலிருந்து டிசம்பர் வரைக்கும் 824-ம், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825-ம் கூட்டுங்கள். 1125 ஆவணி என்றால் 1949; 1125 தை என்றால் 1950. வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இதோடு ஒப்பிட்டால்தான் வாரிசுகள் யார் யார் என்று தெரியும். எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்தை நம்பி யாருடைய பணத்தையும் கட்டடத்தில் போடாதீர்கள். பல வருடக் குத்தகையாக எழுதிப் பதிவு செய்யுங்கள். சங்கத்தைப் பதிய ஏழு பேர் போதும், 1975-ம் வருடச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, பத்து ரூபாய்க்கும் ரசீது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இனி கூரை. நமக்கு வருடத்தில் இரண்டு மழை: வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதியும் ஐப்பசி மழையும். மாசி, பங்குனியில் கூரை ஓடுகளை இறக்கி, சித்திரை முடிவதற்குள் ஏற்றிவிட வேண்டும். இறக்கியதும் கழுக்கோலையும் (கூரையின் சாய்வு மரம்) பட்டியலையும் (அதன் குறுக்கே ஓட்டைத் தாங்கும் சட்டம்) ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் ஆசாரித் தாத்தா சுத்தியலை என் கையில் கொடுத்து, "கண்ண மூடிட்டு கேளு மக்களே" என்றார். நல்ல மரம் ‘டங்’ என்றது. சிதல் (கறையான்) தின்ற மரம் ‘பொத்’ என்றது. வெளியே பெயின்ட் பளபளவென்றிருந்த ஒரு கழுக்கோலுக்குள் என் விரல் முழுக்கப் போனது. மரம் முழுவதையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் போட்டவர்களும் உண்டு. எங்களுக்கு மாற்ற வேண்டி வந்தது மூன்றில் ஒரு பங்குதான். உடையாத பழைய ஓடுகளைப் பிரஷ் போட்டுக் கழுவி, சாலைப் பக்கம் தெரியும் சரிவில் வேயுங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உடைக்கவோ அறுக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து, முழுசாக இறக்கி, முகக்கவசம் போட்டவர்கள் மட்டும் தொட வேண்டும்.

சுவரில் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். மேற்குச் சுவர் பழைய சுண்ணாம்புக் காரை. அவசரத்தில் அதன்மேல் சிமென்ட் பூசினோம். அடுத்த மழைக்கு உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்து, பூச்சு அப்பளம்போல் எழும்பிவிட்டது. சுரண்டி எடுத்து மறுபடி சுண்ணாம்பே பூசினோம். நீற்றிய சுண்ணாம்பைப் பல நாள் ஊறவிட்டு, சுண்ணாம்பு ஒன்றுக்கு உப்பில்லாத மணல் மூன்று சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைக்க வேண்டும். பூச்சு காய நாளாகும். அதற்குள் பெயின்ட் அடிக்க யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஆபரேட்டர் அறையை மட்டும் இடிக்காதீர்கள். அதன் சின்ன ஜன்னல்களில் இரும்புக் கதவு தொங்கும். 1950-களின் தொடக்கம்வரை வந்த நைட்ரேட் ஃபிலிம் பற்றினால் அணைக்க முடியாது. தீ உடனே அறைக்குள்ளேயே அடைபட வேண்டுமென்று வைத்த கதவு அது. ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம் ஓடும். திரையின் வலது மூலையில் புள்ளி வந்ததும் அப்பா அடுத்த மிஷினைத் தொடங்குவார். சுவரில் அவர் சாக்பீஸால் எழுதிய கணக்கு இன்னும் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடிக்கக் கூடாதென்று நான் நின்று பார்த்துக்கொண்டேன். பழைய ரீல் கிடைத்தால் வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காமல், புணேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

டிக்கெட் போட்டுப் படம் காட்டுவதென்றால் கலெக்டரிடம் சி ஃபார்ம் லைசென்ஸ் வாங்க வேண்டும். படத்தின் உரிமை வைத்திருப்பவரிடமும் அனுமதி கேளுங்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, மின் ஆய்வு மூன்றையும் முதலிலேயே தொடங்கிவிடுங்கள். வாசல் கதவுகள் வெளிப்பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கவாட்டுக் கதவு இரண்டும் உள்ளே திறந்தன. திருப்பி மாட்ட ஆசாரிக்கு அரைநாள்தான் ஆனது.

எல்லாம் முடியட்டும் என்று திறப்பைத் தள்ளிப்போடாதீர்கள். மேடைப் பக்கம் மட்டும் கூரை ஏறிய வாரத்திலேயே பாய் விரித்துப் பிள்ளைகளைப் படிக்க உட்காரவைத்தோம். மறுநாள் ஒரு பாட்டி, கடைசிக் கழுக்கோலுக்கென்று ஐந்நூறு ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். ரசீது எண் 1-லிருந்து எல்லாப் பெயரும் இப்போது டிக்கெட் கவுன்டர் சுவரில் இருக்கிறது. அவர் பெயர் நடுவில்.