பழ ஈக்களுக்குச் சப்ளிமெண்ட் கொடுத்து ஆயுளைக் கணக்கிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

மஞ்சளோ நெல்லிக்காயோ வைட்டமினோ, எதையாவது உணவில் கலந்து கொடுத்து பழ ஈ கூடுதல் நாள் வாழ்கிறதா என்று பார்ப்பது கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய சோதனைதான். 25 டிகிரி செல்சியஸில் வளரும் டிரோசோஃபிலா என்ற பழ ஈயின் ஆயுள் இரண்டு மூன்று மாதம், செலவும் குறைவு. ஆனால் தப்பான முடிவு வருவதும் இதில் ரொம்ப எளிது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஈ எவ்வளவு தின்றது என்று அளக்காமல் விடுவது. உணவை, முக்கியமாக ஈஸ்ட்டை, ஓரளவு குறைத்தாலே பழ ஈயின் ஆயுள் கூடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். நீங்கள் கலந்த பொருள் கசந்தால் ஈ குறைவாகத் தின்னும், அதனாலேயே அதிக நாள் இருக்கும், நீங்களோ அதைப் பொருளின் பலன் என்று எழுதிவிடுவீர்கள். உணவில் நீலச் சாயம் கலந்து சிறிது நேரம் தின்னவிட்டு, ஈக்களை அரைத்து, சாயத்தை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) அளந்து இரண்டு குழுவையும் ஒப்பிடுங்கள். நுண்குழாயில் திரவ உணவு வைத்து மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்க்கலாம், ஆவியாவதைக் கழிக்க ஈ இல்லாத குப்பி ஒன்று கூடவே வேண்டும். பெண் ஈக்கள் இடும் முட்டைகளையும் எண்ணிவிடுங்கள். முட்டை குறைந்து ஆயுள் கூடியிருந்தால் அந்தக் கதையே வேறு, முட்டையிடும் உழைப்பு குறைந்ததாலேயே ஆயுள் கூடியிருக்கலாம்.

அடுத்தது கட்டுப்பாட்டுக் குழு. சப்ளிமெண்ட் இல்லாத ஈக்களே ஒரு மாதத்துக்குள் பாதி செத்துவிட்டால் வளர்ப்பில்தான் ஏதோ கோளாறு: உணவு காய்ந்திருக்கலாம், பூஞ்சை பிடித்திருக்கலாம், வம்சமே பலவீனமாக இருக்கலாம். அப்படி வாடிய கூட்டத்தில் எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் தேறும், அதை ஆயுள் நீட்டிப்பு என்று சொல்லவே கூடாது. பொருளை எத்தனாலில் கரைத்திருந்தால் கட்டுப்பாட்டு உணவிலும் அதே அளவு எத்தனால் இருக்கட்டும். கொதிக்கும் அகரில் (ஈ உணவை இறுகவைக்கும் கூழ்) பொருளைக் கொட்டாதீர்கள், சூடு தாங்காத பொருள் சிதைந்துவிடும். உணவு ஆறி, இறுகுவதற்கு முன் கலக்குங்கள்.

ஆணையும் பெண்ணையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கெடுப்பதும் சரியில்லை. இனச்சேர்க்கை பெண் ஈயின் ஆயுளைக் குறைக்கும், சில மருந்துகளின் விளைவும் பாலுக்கு ஏற்ப மாறும். எல்லா ஈக்களும் ஒரே நெரிசலில் வளர்ந்த புழுக்களிலிருந்து, ஒரே நாளில் வெளிவந்தவையாக இருக்கட்டும். ஈயின் செல்களுக்குள் வாழ்ந்து ஆயுளையே மாற்றக்கூடிய வோல்பாக்கியா பாக்டீரியா இருக்கிறதா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எண்ணிக்கை. குப்பி மாற்றும்போது தப்பிப் பறந்த ஈயைச் செத்ததாக எழுதுகிறார்கள், அல்லது கணக்கிலிருந்தே தூக்கிவிடுகிறார்கள், இரண்டுமே தவறு. அன்றுவரை உயிரோடு இருந்தது என்று தனியாகக் குறியுங்கள், கப்லான்-மையர் முறை (ஒவ்வொரு நாளும் எத்தனை பங்கு உயிரோடு இருக்கிறது என்று கணிக்கும் புள்ளியியல் முறை) அதைச் சரியாகக் கையாளும். சராசரியை மட்டும் ஒப்பிடாமல் இரு குழுக்களின் இறப்புப் போக்கை முழுதாக ஒப்பிடும் லாக்-ராங்க் சோதனை செய்யுங்கள், அதற்குக் குழுவுக்கு நூறு ஈயாவது இருந்தால் நல்லது. எந்தக் குப்பியில் எந்த உணவு என்பது எண்ணுபவருக்குத் தெரியவே கூடாது.

ஒரே முறை செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் பழ ஈயின் ஆயுளைக் கூட்டுகிறது என்று 2004இல் நேச்சர் இதழில் வந்தது. 2007இல் வேறொரு குழு திரும்பச் செய்து பார்த்தபோது குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. புதிய தலைமுறை ஈக்களை வைத்து, இரண்டு மூன்று அளவுகளில், முழுச் சோதனையையும் மறுபடி செய்த பிறகு முடிவை எழுதுங்கள்.