இரவல் முகவரியில் ரிட்டயர்மெண்ட் விசா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் வேலை முடித்து, வீட்டை விற்றுவிட்டு, மகன் வீட்டில் சில மாதம், சென்னையில் மகள் வீட்டில் சில மாதம் என்று சூட்கேசோடு வாழும் தம்பதிகள் நம்மவர்களில் நிறையப் பேர். எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. என்று பொதுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம். இவர்களில் சிலருக்கு இப்போது ரிட்டயர்மெண்ட் விசா எடுத்து தாய்லாந்து, போர்ச்சுகல், மலேசியா என்று போய்த் தங்கும் ஆசை வந்திருக்கிறது. வரட்டும், தப்பே இல்லை. நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்தவர்களுக்கு இந்த விசா காகிதங்களைப் பார்த்துக் கொடுப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் அதே குழியில் வரிசையாக விழுவதைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

போட்டோ அளவு, பெயரில் எழுத்துப்பிழை, பாஸ்போர்ட் காலாவதி இதெல்லாம் இங்கே வராது. அதை விசா கவுண்டரில் இருக்கும் பெண்ணே சொல்லிவிடுவார்.

தம்பி வீட்டு முகவரியைக் கொடுப்பது

“சொந்த வீடு இல்லையே, எந்த முகவரி போடுவது?” என்று குழம்பி, கடைசியில் எல்லாரும் போய்ச் சேரும் இடம் இது. என்னிடம் வந்த ஒரு தம்பதியையே சொல்கிறேன். பெங்களூர் அல்சூரில் கணவருடைய தம்பிக்குச் சொந்த வீடு. கரண்ட் பில், வரி ரசீது எல்லாம் பக்காவாக இருக்கிறது. தம்பியும் “தாராளமாப் போட்டுக்கோங்க அண்ணா” என்கிறார். ஆனால் அண்ணனும் அண்ணியும் தங்குவது ஒயிட்ஃபீல்டில், மகனுடைய அபார்ட்மெண்டில்.

ஓய்வு பெற்றவர்களுக்கான தாய்லாந்தின் ஓ-ஏ விசா, பென்ஷன் போன்ற நிலையான வருமானம் உள்ளவர்களுக்கான போர்ச்சுகலின் டி7 விசா, ஸ்பெயினின் வேலை செய்யாமல் தங்கும் விசா எல்லாமே, குற்ற வழக்கு இல்லை என்று காட்டும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் கேட்கும். நம் ஊரில் அதை பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய் கட்டி வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே முகவரியில் இருந்து, பழைய விசாரணை அறிக்கையும் சரியாக இருந்தால் சிலருக்குச் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. முகவரி மாறியிருந்தால் புது முகவரிக்கு உட்பட்ட காவல் நிலையத்துக்கு விசாரணை போகும்.

நான் சொல்லும் தம்பதிக்கும் அப்படித்தான் போனது. கான்ஸ்டபிள் வந்தது பகல் பதினொரு மணிக்கு. தம்பி ஆபீஸில், தம்பி மனைவி கோவிலில். கீழ் வீட்டுப் பாட்டியைக் கேட்டிருக்கிறார். பாட்டி உள்ளதைச் சொன்னார்: “அவங்களா? பொங்கலுக்கு வந்துட்டுப் போவாங்க.” அந்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போய்விட்டது.

விளக்கம் கேட்டு வந்த கடிதம் எங்கே போகும்? கொடுத்த முகவரிக்குத்தான் போகும். அது தம்பி வீட்டு ஷூ ஸ்டாண்டு மேல், கேபிள் டிவி ரசீதுகளுக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில், பிரிக்காமலே கிடந்தது. இவர்களோ ஒயிட்ஃபீல்டில் உட்கார்ந்துகொண்டு ‘போலீஸ்காரர்கள் தாமதம் செய்கிறார்கள்’ என்று திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பணம் எங்கே போனது என்று கேளுங்கள். ஓ-ஏ விசாவுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். தொழுநோய், காசநோய், யானைக்கால், போதைப் பழக்கம், மூன்றாம் நிலை சிபிலிஸ் எதுவும் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அறுபது தாண்டிய பெரியவர் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு டாக்டரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது தனிக் கதை. அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று மாதம்தான். போலீஸ் கிளியரன்ஸ் வருவதற்குள் அது செத்துப்போனது. விசா தேதியை நம்பி எடுத்த மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியாயிற்று. கணக்கில் இருப்பு காட்டுவதற்காக எஃப்.டி.யைப் பாதியில் உடைத்து, அதற்கு வட்டியும் குறைந்தது. இத்தனையும் ஆன பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 10-ஆம் பிரிவில் பாஸ்போர்ட்டையே முடக்கும் அதிகாரம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பெரியவரை யாரும் உடனே ஜெயிலில் போடப் போவதில்லை. நேரில் போய் விளக்கக் கடிதம் கொடுத்து, மறு விசாரணை கேட்டு வாங்கித்தான் இதை முடித்தோம். ஆனால் நாற்பது வருஷம் ஒரு கெட்ட பேர் இல்லாமல் வேலை பார்த்த மனுஷன், கவுண்டர் முன்னால் கைகட்டி நின்றது எனக்கு இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எரிச்சலுக்குக் காரணம், நேர் வழி கண்ணெதிரே இருந்தது. மகன் வீட்டில் தங்கினால் மகன் வீடுதான் உங்கள் முகவரி. வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பாஸ்போர்ட் அலுவலகம் கேட்பதில்லை, நீங்கள் அங்கே இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. அதற்குச் சான்று வேண்டுமே என்பீர்கள். 2023 முதல் ஆதாரில் குடும்பத் தலைவர் (இங்கே உங்கள் மகன்) வழியாக முகவரி மாற்றும் வசதி இருக்கிறது. மை-ஆதார் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, மகனுடைய ஆதார் எண்ணைக் கொடுத்து, உறவுக்கான சான்றை ஏற்ற வேண்டும். மகனுடைய பாஸ்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் அப்பா, அம்மா பெயர் அச்சிட்டிருக்கும், அதுவே போதும். ஒன்றும் இல்லாவிட்டால் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் மகன் சுய அறிவிப்பு கொடுக்கலாம். அப்புறம் மகன் தன் கணக்கில் போய் 30 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பிள்ளைக்கு ஆபீஸ் மும்முரம், ‘பார்க்கிறேன்ப்பா’ என்பான், 30 நாள் ஓடிவிடும், மறுபடி முதலில் இருந்து. அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையிலேயே போனை எடுக்கச் சொல்லி முடித்துவிடுங்கள்.

ஆதார் மாறியதும் அதை வைத்து வங்கியில், பிறகு பென்ஷன் வரும் கிளையில், அதன் பிறகு பாஸ்போர்ட்டில் மாற்ற வேண்டும். கடைசியாகத்தான் போலீஸ் கிளியரன்ஸ். இந்த வரிசையைக் கலைத்தால் ஒவ்வொரு காகிதமும் ஒவ்வொரு ஊரைச் சொல்லும்.

பல பேர் இந்த வழியைத் தெரிந்தே தவிர்க்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. முப்பது வருஷம் தன் பெயர்ப்பலகை தொங்கிய வீட்டில் இருந்தவருக்கு, மகன் பெயரைப் போட்டு ‘கேர் ஆஃப்’ என்று எழுத மனசு வரவில்லை. தம்பி வீடு என்றால் பூர்வீகச் சொத்து மாதிரி ஒரு கௌரவம். சரி, மனசு புரிகிறது. கான்ஸ்டபிளுக்கு அது புரிய வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டு பிள்ளைகள் வீட்டிலும் மாறி மாறி இருப்பவர்கள், அதிக நாள் இருக்கும் வீட்டைக் கொடுங்கள். விசாரணை முடிகிற வரை அங்கேயே இருங்கள். பேரன் பிறந்தநாள் என்று நடுவில் சென்னைக்கு ரயில் ஏறாதீர்கள். எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் பெரும்பாலும் இந்தத் தற்போதைய முகவரிதான் முடிவு செய்யும்.

பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்புவது

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தைரியமாக இருப்பார்கள். ‘எங்களுக்குத்தான் அக்ரிமெண்ட் இருக்கிறதே.’ பெங்களூரில் அந்த அக்ரிமெண்ட் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஈ-ஸ்டாம்ப் தாள், பதினொரு மாதம், ஒரு நோட்டரி முத்திரை. ஒரு வருடத்துக்கு மேல் போனால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் பதினொரு மாதக் கணக்கு. பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்பது பதிவு செய்த ஒப்பந்தத்தை மட்டும். நோட்டரி முத்திரையைக் காட்டினால் திருப்பி அனுப்புவார்கள்.

வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடும் என்று பயந்து, பதிவு என்றாலே முகம் சுளிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அவர்களோடு சண்டை போடாதீர்கள். போட்டோ ஒட்டிய வங்கி பாஸ்புக்கில் இந்த முகவரியை ஏற்றிக்கொள்ளுங்கள், அல்லது கேஸ் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். போக்கியத்துக்கு இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

வீட்டை முதலில் விற்பது

காகிதத்தை முடித்துவிட்டு விற்கலாம், அவசரம் என்ன?

விற்ற வீட்டின் முகவரியை அப்படியே விட்டுவைப்பது

பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்ட்டில் வரும், உரியவர் கையில்தான் கொடுப்பார்கள். ஆள் இல்லை என்றால் திரும்பிப் போய்விடும். பழைய வீட்டை வாங்கியவர் நல்லவராகவே இருந்தாலும் உங்களுக்காகக் கையெழுத்துப் போட முடியாது.

அங்கே போய் இறங்கும் முகவரியை அலட்சியப்படுத்துவது

இங்கே முகவரி சரியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த நாட்டுக்காரர்களும் ‘எங்கே தங்கப் போகிறாய்?’ என்று கேட்பார்கள், நாட்டுக்கு நாடு வேறு விதமாக.

போர்ச்சுகலின் டி7-க்கு பொதுவாக 12 மாத வாடகை ஒப்பந்தம் எதிர்பார்ப்பார்கள். ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் புக்கிங்கை நீட்டினால் எடுபடாது. வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியோடு கட்டியது. 2025-இல் அது மாதம் 870 யூரோ, கூட வரும் கணவன் அல்லது மனைவிக்கு அதில் பாதி கூடுதல். வருஷா வருஷம் ஏறும், பழைய கணக்கை வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

வெளிநாட்டவர் நீண்ட நாள் தங்க விசா தரும் மலேசியாவின் இரண்டாம் இல்லத் திட்டத்தில் 2024-இல் விதிகள் மாறிவிட்டன. அதன் வெள்ளி (சில்வர்) பிரிவுக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பு, அதோடு குறைந்தது 6,00,000 ரிங்கிட்டில் வீடு வாங்கியாக வேண்டும். வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

தாய்லாந்து ஆரம்பத்தில் சுலபம், பிறகு கிடுக்கிப்பிடி. 50 வயது நிறைந்திருக்க வேண்டும், கணக்கில் 8,00,000 பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். அங்கே போய் தங்கும் காலத்துக்கு நீட்டிப்பு வாங்குகிறவர்கள் அந்தத் தொகையை தாய்லாந்து வங்கியில் இரண்டு மாதம் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். இங்கிருந்து அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியை வங்கி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், ஆனால் கையில் இருந்து முதலில் போகும். கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி வரம்பு உண்டு.

தங்கும் இடத்து விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவு அலுவலகத்தில் பதிய வேண்டும், டி.எம்.30 என்று பெயர். 90 நாளுக்கு ஒருமுறை நீங்களே முகவரியைத் தெரிவிக்க வேண்டும். டி.எம்.30 பதியாத வீட்டில் இருந்துகொண்டு நீட்டிப்புக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் வீடு பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்று கேட்பதற்கு முன் டி.எம்.30 பதிவீர்களா என்று கேளுங்கள். இங்கே பதிவு என்றதும் முகம் சுளிக்கும் அதே வீட்டுக்காரர்கள் பட்டாயாவிலும் உண்டு.

‘முகவரியும் நாங்களே தருகிறோம்’ என்னும் ஏஜெண்ட்

எழுந்து வந்துவிடுங்கள்.

கிளம்பியதும் இந்திய முகவரியைக் கைகழுவுவது

விசா வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் வங்கிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. அங்கேயே நிலையாகத் தங்குகிற எண்ணம் என்றால் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட வேண்டும். புது டெபிட் கார்டு, வருமான வரிக் கடிதம் எல்லாம் வந்து சேர இங்கே ஒரு முகவரி தேவைப்படும். அதற்கும் மகன் வீடே போதும், வந்த தபாலைப் பிரித்துப் படித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் ஆள் ஒருவர் அங்கே இருந்தால் சரி. பென்ஷனுக்கு வருஷா வருஷம் கொடுக்கும் வாழ்நாள் சான்றிதழை ஜீவன் பிரமாண் செயலியில் முகம் காட்டியே முடிக்கலாம், அதற்காகப் பறந்து வர வேண்டாம்.

ஆதாரோடு இணைந்த சிம்மை ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் எண் கைவிட்டுப் போகலாம். அப்புறம் ஓ.டி.பி. வேறு யாருக்கோ போகும்.