பாலஸ்தீன நாடகம், கவிதை, இசை: கலை விழாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கலை விழாவில் பாலஸ்தீன நடிகை ஒருவரின் தனிநடிப்பு நாடகம் பார்த்தேன். எழுபது நிமிடம். மேடையில் ஒரு ஸ்டூல், ஒரு வாளி, கயிற்றில் காயப்போட்ட நாலைந்து துணி, அவ்வளவுதான். அந்தத் துணியே பாட்டியானது, சோதனைச் சாவடியானது, கல்யாணப் பந்தலானது. நாடகம் முடிந்து கேள்வி நேரம். "உங்கள் ஊரில் எப்போதுதான் அமைதி வரும்?" என்று ஒருவர் ஆரம்பித்தார். அடுத்தவரும் அதையே வேறு மாதிரி கேட்டார். அரை மணி நேரம் அப்படியே போனது. அந்தத் துணிகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

கலைஞரை நடமாடும் செய்தி அறிக்கையாகப் பார்ப்பதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் முளைக்கின்றன. அரசியலைப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நாடகத்திலேயே அதைப் பேசிவிட்டார்கள், அதற்கென்று ஒரு வடிவத்தையும் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த வடிவத்தைக் கவனிக்காமல் விட்டால் அவர்கள் சொன்னதில் பாதி நம் காதில் விழவே இல்லை என்று அர்த்தம்.

பாலஸ்தீன எழுத்தாளர் அதனியா ஷிப்லிக்கு இதுதான் நடந்தது. 2023 அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் அவருக்கு நடக்கவிருந்த பரிசளிப்பைத் தள்ளிவைத்தார்கள். அநியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் பெயரைச் சொல்கிறவர்கள் பலர் அந்தப் பரிசோடு நின்றுவிடுகிறார்கள். பரிசுக்குரிய 'மைனர் டீடெய்ல்' நாவலைத் திறந்து பாருங்கள். 1949-இல் நெகேவ் பாலைவனத்தில் ஓர் இஸ்ரேலிய அதிகாரியை ஏதோ பூச்சி கடிக்கிறது. அவன் துணியை நனைத்து உடம்பைத் துடைப்பதையும் சோப்புப் போடுவதையும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போகிறார். அதே நிதானக் குரலில்தான் பாலைவன நாடோடிகளான பெதூயின் இனத்துப் பெண் ஒருத்திக்கு நடக்கும் கொடுமையும் வருகிறது. முதல் பாதியில் குரைக்கும் நாய், பல பத்தாண்டு கழித்து நடக்கும் இரண்டாம் பாதியிலும் குரைக்கிறது. ஆசிரியர் எங்கேயும் அழவில்லை. வாசிக்கிற நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

துயரத்தை மட்டும் எதிர்பார்த்துப் போய் உட்காருவதும் தவறு. அரங்கில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பதைப் பார்த்திருக்கிறேன். சிரிக்கலாம், தாராளமாக. பாலஸ்தீன எழுத்தாளர் எமில் ஹபீபி 1974-இல் வெளியிட்ட நாவலின் நாயகன் சயீத் ஓர் அப்பாவி, கோழை, அரசுக்கு உளவு சொல்கிறவன். நன்னம்பிக்கை, அவநம்பிக்கை இரண்டுக்குமான அரபுச் சொற்களை ஒட்டவைத்து ஹபீபி ஒரு புதுச்சொல் உண்டாக்கி, அதையே அவனுக்குப் பட்டமாகக் கொடுத்தார். அரபு நாவல்களில் அது பெரிய சாதனையாக மதிக்கப்படுகிறது. சிரிக்காமல் அதைப் படிக்கவே முடியாது.

சரி, விழா நடத்துகிறவர்களிடம் வருகிறேன். "பாலஸ்தீனக் கலைஞர்" என்று ஒரே பெட்டிக்குள் எல்லாரையும் போட்டுவிடுகிறார்கள். இஸ்ரேலுக்குள் இருக்கும் நாசரேத், ஹைஃபா, லோத் ஊர்க்காரர்கள் இஸ்ரேலியக் குடியுரிமை உள்ளவர்கள். லோத் நகரத்து 'டாம்' ராப் குழு அரபியிலும் ஹீப்ருவிலும் பாடுவது அதனால்தான். ராமல்லா, ஜெனின் கலைஞர்கள் மேற்குக் கரை அடையாள அட்டைக்காரர்கள். கிழக்கு ஜெருசலேம்காரர்களின் அட்டை வேறு. காசாவின் நிலைமை முற்றிலும் வேறு. லெபனான், ஜோர்தான் முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்னொரு பக்கம். யார் யாரோடு ஒரே அறையில் ஒத்திகை பார்க்க முடியும் என்பதையே இந்த அட்டைகள்தான் முடிவுசெய்கின்றன.

இது தெரியாமல் ராமல்லா நடிகருக்கு டெல் அவிவிலிருந்து விமான டிக்கெட் போடுகிறார்கள். மேற்குக் கரை அட்டைக்காரர் பொதுவாக அந்த விமான நிலையத்தைப் பயன்படுத்த முடியாது. ஆலன்பி பாலத்தைக் கடந்து ஜோர்தான் போய், அம்மானில்தான் விமானம் ஏற வேண்டும். பாலம் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்படும். அதனால் டிக்கெட் அம்மானிலிருந்து போடுங்கள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசிக்கும் நாசரேத் கலைஞருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பால்ஃபெஸ்ட் என்ற பாலஸ்தீன இலக்கிய விழா 2008-இல் தொடங்கியபோதே இதை மனதில் வைத்துத்தான் திட்டமிட்டார்கள். வாசகர்கள் ஓரிடத்துக்கு வர முடியாது, எனவே எழுத்தாளர்கள் ஊர் ஊராகப் போவார்கள். 2009-இல் தொடக்க விழா கிழக்கு ஜெருசலேமில் பாலஸ்தீன தேசிய அரங்கில். பழைய சினிமாக் கொட்டகையை 1984-இல் நாடகக்காரர்கள் அரங்கமாக மாற்றிய இடம் அது. விழா நாளில் இஸ்ரேலியப் போலீஸ் வந்து அதை மூடியது. கூட்டம் அங்கிருந்து பிரெஞ்சுக் கலாச்சார மையத்துக்குப் போய் நிகழ்ச்சியை நடத்தியது. நிறைவு நாளிலும் போலீஸ் வந்தது. அன்றைக்கு பிரிட்டிஷ் கவுன்சில் இடம் கொடுத்தது.

பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷை 'அடையாள அட்டை' என்ற ஒற்றைக் கவிதையோடு முடித்துக்கொள்வதையும் சொல்ல வேண்டும். இருபது வயதைத் தாண்டிய புதிதில் எழுதியது அது. ஓர் இஸ்ரேலிய அதிகாரியின் முகத்துக்கு நேராகச் சொல்வது. பின்னாளில் கூட்டம் கேட்டாலும் அதை மேடையில் வாசிக்க அவர் விரும்பியதில்லை. அரபுகள் நிறைந்த அரங்கில் 'நான் ஓர் அரபு' என்று முழங்குவதில் அவருக்கு அர்த்தம் தெரியவில்லை. பிந்தைய தர்வீஷ் காதலையும் மரணத்தையும் காபியையும் எழுதியவர். அவரையும் வாசியுங்கள். அவர் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் வரி எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று காட்ட முடியாவிட்டால் போஸ்டரில் போடாதீர்கள். மொழிபெயர்த்தவர் பெயரையும் விட்டுவிடாதீர்கள். இலங்கையில் எம்.ஏ. நுஃமான் 1981-இலேயே 'பலஸ்தீனக் கவிதைகள்' கொண்டுவந்தார். நம்மில் பலருக்கு தர்வீஷ் தமிழில் பேசியது அவர் வழியாகத்தான்.

'காசா மோனோலாக்ஸ்' என்ற தனிப்பேச்சுத் தொகுப்பை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2008-09 போருக்குப் பிறகு காசா சிறுவர் சிறுமியர் எழுதியவை அவை. ராமல்லாவின் அஷ்தார் நாடகக்குழு 2010-இல் வெளியிட்டது. பிற நாட்டுப் பிள்ளைகள் மேடையேற்றினார்கள், எழுதியவர்கள் காசாவிலேயே இருந்தார்கள். 2023 நவம்பரில் உலகம் முழுக்க மறுபடி வாசிக்கப்பட்டபோது அந்தச் சிறுவர்கள் பெரியவர்களாகியிருந்தார்கள். எழுதிய ஆண்டையும் எழுதியவரின் வயதையும் முதலில் சொல்லிவிட்டு வாசியுங்கள். குரலைத் தழுதழுக்க விடாதீர்கள். அது ஒரு பிள்ளையின் பேச்சு, அப்படியே இருக்கட்டும்.

பாலஸ்தீனத்தைப் பற்றிய நாடகமெல்லாம் பாலஸ்தீனர் எழுதியது ஆகாது, அதையும் அறிவிப்பில் தெளிவாகச் சொல்லுங்கள். சேர்ந்து செய்தால் அது வேறு. டெல்லியின் தெருநாடகக் குழுவான ஜன நாட்ய மஞ்ச்சும் ஜெனின் அகதி முகாமின் ஃப்ரீடம் தியேட்டரும் கூடி உருவாக்கிய 'ஹமேஷா ஸாமிதா' (என்றும் உறுதியாக) இந்திய நகரங்களில் தெருவில் நடந்தது. தலைப்பிலேயே ஒரு சொல் இந்தி, ஒரு சொல் அரபு.

அப்புறம் இசை. ஊத் கச்சேரியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நாசரேத்தின் ஜுப்ரான் சகோதரர்கள் மூவர் வாசிக்கும்போது, அதுவும் சகோதரர்களில் ஒருவரான விஸ்ஸாம் தன் கையால் செய்த ஊத்திலேயே, ஒரு சுரம் வந்து இறங்குகிற இடத்தில் அரபு ரசிகர் "அல்லாஹ்!" என்பார். நம் "பலே" மாதிரிதான். கிறிஸ்தவ ரசிகரும் அப்படித்தான் சொல்வார். பாலஸ்தீனர் என்றாலே முஸ்லிம் என்று நினைத்துக்கொள்ளும் பழக்கமும் அங்கேயே உதிர்ந்துபோகும்.

திரையில் பாடல் வரிகளைப் போடுகிறவர்களுக்கு ஒன்று. 'மலை ஏறுகிறவர்களே' என்று தொடங்கும் பழைய பெண்கள் பாட்டு ஒன்று பல கச்சேரிகளில் வரும். சிறையில் இருந்தவர்களுக்குச் சேதி சொல்ல, காவலருக்குப் புரியாதபடி சொற்களின் நடுவே 'ல' ஓசையைச் செருகிப் பாடினார்கள் என்பார்கள். சின்ன வயதில் நாம் 'க' சேர்த்துப் பேசுவோமே, அது போல. ஒரு முறை அந்த இடத்தில் நேர்த்தியான மொழிபெயர்ப்பு திரையில் ஓடியது. பாட்டின் உயிர் அங்கேயே போய்விட்டது. அந்த வரி வரும்போது திரையை வெறுமையாக விடுங்கள். பொருளை அச்சிட்ட நிகழ்ச்சிநிரலில் கொடுத்தால் போதும், ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்வார்கள்.