எட்டுத் தலைக் கணக்கும் குட்டைக் கால்களும்: மனித உருவம் கீறப் பழகுபவர்கள் விடும் தவறுகள்

மனித உருவம் கீறப் பழகுகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், "ஒரு ஆள் எட்டுத் தலை உயரம்" என்று உடனே சொல்லிவிடுவார். உச்சந்தலையிலிருந்து நாடி வரையுள்ள நீளம்தான் இங்கே ஒரு தலை. அவருடைய சித்திரக் கொப்பியைத் திறந்தால் உள்ளே நிற்கிற ஆளுக்கு ஆறு தலைகூடத் தேறாது. அளவு தெரியாததால் வருகிற பிழை இல்லை இது. மனம் எங்கே நிற்கிறதோ அது தாளில் பெருக்கிறது: கண், மூக்கு, சிரிப்பு, தோடு. மனம் அவசரமாகத் தாண்டிப் போகிற முழங்காலும் கணுக்காலும் பாதமும் சுருங்கிவிடுகின்றன. எட்டு என்ற எண்ணை எத்தனை தரம் சொல்லிப் பார்த்தாலும், கீறுகிற வரிசை மாறாதவரை கால் நீளப்போவதில்லை.

முகத்தை முடித்துவிட்டுக் கீழே இறங்குவது

வழக்கமாக நடப்பது இப்படி. முதலில் முகம். இமை மயிர் வரை பொறுமையாகக் கீறி, நிழல்கூடப் போட்டு முடித்துவிடுவார்கள். பிறகு கழுத்து, தோள், சட்டைப் பொத்தான் என்று இறங்குவார்கள். முழங்காலுக்கு வரும்போது தாள் முடியப் பார்க்கும். முகம் நன்றாக வந்திருப்பதால் அழிக்கவும் மனம் வராது. மிச்சமிருக்கிற இரண்டு அங்குலத்துக்குள் கால் இரண்டையும் மடக்கி அடக்கிவிட வேண்டியதுதான்.

இதற்கு மருந்து மூன்று சிறு கோடுகள். மேலே ஒன்று, அது உச்சந்தலை. கீழே ஒன்று, அது குதிக்கால். இரண்டுக்கும் நட்டநடுவில் இன்னொன்று. இவற்றைப் போடாமல் முகத்தின் பக்கமே போகக் கூடாது.

நடுக்கோடு உடலில் எங்கே விழுகிறது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெல்ட் கட்டுகிற இடம்தான் நடு என்று நினைத்து இடுப்பை அங்கே வைத்துவிடுவார்கள். உடம்பு நீண்டு கால் குட்டையாகிவிடும். நிமிர்ந்து நிற்கும் வளர்ந்த ஒருவருக்கு நடு என்பது அதற்கும் கீழே, கால்கள் பிரிகிற இடத்தை ஒட்டி வரும். சாரமும் சேலையும் கட்டுகிற ஊரில் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. துணி தொப்புள் மட்டத்தில் தொடங்கி நேரே கீழே விழுந்துவிடுவதால், இடுப்பு முடிச்சையே நடுவாக எடுத்துவிடத் தோன்றும். ஆகவே துணிக்கு உள்ளே இருக்கும் கால்களை மெல்லிய கோட்டில் முதலில் கீறுங்கள், சேலையைப் பிறகு கட்டிவிடலாம். நடுக்கோட்டுக்கும் தரைக்கும் இடையில் பாதிக்குச் சற்று மேலே முழங்கால் சிரட்டை வரும். இதைப் பார்த்துப் பழகக் கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளை விட நல்ல ஆட்கள் கிடையாது. சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார்கள், முழங்கால் அப்படியே தெரியும்.

கண்ணை நெற்றிக்கு ஏற்றுவதும் இதே குடும்பத்துப் பிழைதான். நாடிக்கும் உச்சந்தலைக்கும் நடுவில்தான் கண்கள் இருக்கின்றன. நெற்றியிலும் மண்டையிலும் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையே என்று அவற்றைக் குறைத்துவிடுவதால், மண்டையை மேலே சீவி எடுத்த மாதிரி ஒரு தலை வந்துவிடுகிறது.

எட்டு என்பது யாருடைய கணக்கு?

சராசரி மனிதர் எட்டுத் தலை இல்லை. ஏழு, ஏழரை, அவ்வளவுதான். தலை உயரத்தில் எட்டில் ஒரு பங்கு என்று எழுதிவைத்தவர் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். அதை வைத்துத்தான் லியனார்டோ டா வின்சி 1490 அளவில் வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் கை விரித்து நிற்கும் அந்த மனிதரைக் கீறினார். அது இலட்சிய உடலுக்கான அளவு. அதில் ஆள் கம்பீரமாகத் தெரிவார். உடை வடிவமைப்பவர்கள் ஒன்பது தலைக்கும் மேலே போவார்கள். வீட்டில் அப்பாவை உட்காரவைத்துக் கீறுகிறவருக்கு இரண்டும் உதவாது.

நம் பக்கத்துச் சிற்பிகளுக்கு வேறொரு கணக்கு உண்டு. சிற்ப சாஸ்திரத்தில் உருவத்தைத் தாலத்தால் அளப்பார்கள். ஒரு தாலம் 12 அங்குலம், அதாவது முகத்தின் நீளம். இந்த அங்குலம் அடிமட்டத்தில் இருக்கும் அங்குலம் இல்லை, அந்தந்த உருவத்தின் உயரத்தைப் பிரித்து எடுப்பது. உத்தம தசதாலம், அதாவது பத்துத் தால அளவுகளில் பெரியது, 124 அங்குலம். தாலத்தைத் தலையென்று எண்ணிக் குழப்பிக்கொண்டு, "நம்மவர்கள் பத்துத் தலை வைத்தார்கள்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முகம் வேறு, தலை வேறு: முகம் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தோடு நின்றுவிடும், தலை உச்சி வரை போகும். முழங்காலைத் தொடும் கையும் மகாபுருஷருக்கான இலட்சணமே தவிர, 100ஆம் இலக்கப் பஸ்ஸுக்காகக் காலி வீதியில் நிற்பவருக்கு விரல் நுனி தொடையின் நடுவோடு நின்றுவிடும்.

குழந்தைகளுக்கு வந்தால் எட்டு இன்னும் மோசம். பிறந்த குழந்தை ஏறத்தாழ நாலு தலை. ஐந்தாறு வயதில் ஐந்தரை, ஆறு. வளர்ந்தவரின் அளவில் சின்னதாகக் கீறினால் வருவது பிள்ளை இல்லை, தூரத்தில் நிற்கிற ஒரு பெரியவர்.

பென்சிலால் அளப்பது

கோட்டை ரயில் நிலைய மேடையில் சற்றுத் தள்ளி ஒருவர் ரயிலுக்குக் காத்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்காமல் கையை முழுதாக நீட்டி, பென்சிலை நிலைக்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடுங்கள். பென்சில் நுனி அவருடைய உச்சந்தலையில் இருக்கட்டும், உங்கள் பெருவிரல் நகத்தை அவருடைய நாடிக்குக் கொண்டுவாருங்கள். அந்த இடைவெளிதான் ஒரு தலை. இனி நகம் அசையக் கூடாது. நுனி நாடிக்கு வரும்படி பென்சிலை இறக்கினால் நகம் மார்பின் நடுவில் நிற்கும். இன்னும் ஒன்று இறக்கினால் தொப்புளை ஒட்டி வரும். அடுத்ததில் கால் பிரிகிற இடத்தை அடைந்துவிடும் அல்லது சற்றுத் தாண்டும். அங்கிருந்து தரை வரை மூன்று, மூன்றரை. கொண்டையையும் தூக்கி வாரிய முடியையும் தலையோடு சேர்த்து அளந்துவிடாதீர்கள். மண்டை எங்கே முடிகிறது என்று ஊகித்துத்தான் நுனியை வைக்க வேண்டும்.

இதில் கெட்டுப்போகிற இடம் முழங்கைதான். முதல் தலையை நீட்டிய கையால் அளந்துவிட்டு, பாதத்துக்கு வரும்போது தெரியாமலே கையை மடக்கிவிடுவோம். பென்சில் கண்ணுக்குக் கிட்ட வர, அதே அளவு இப்போது ஆளின் மேல் பெரிதாகத் தெரியும். கணக்கு ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கிவிடும். இன்னொன்று, பென்சிலில் வந்த நீளத்தை அப்படியே தாளில் வைக்க வேண்டியதில்லை. வேண்டியது விகிதம் மட்டும்தான்.

எப்போது அளப்பது? மூன்று கோடுகளைப் போட்டபின் ஆளைக் கடகடவென்று முழுதாகக் கீறிவிட்டு, பிறகு அளந்து பாருங்கள். எட்டுப் பெட்டிகளை முதலில் கட்டி, ஆளைப் பெட்டி பெட்டியாக நிரப்புவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அளவு சரியாகத்தான் வரும், ஆனால் ஹேங்கரில் தொங்கும் சட்டை போல ஆள் விறைத்து நிற்பார்.

ஆட்களுக்குத் தெரியாமல் கீறுவது பற்றி ஒரு வார்த்தை. ரயில் மேடையிலும் கடற்கரையிலும் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கண்டுவிட்டுச் சிரித்தால் கொப்பியைக் காட்டிவிடுங்கள், முகம் சுளித்தால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். பொலிஸ், இராணுவம் காவல் நிற்கும் இடங்களில் கொப்பியைத் திறக்காமல் இருப்பதே புத்தி.

கையும் பாதமும்

கை கீறப் பயந்தவர்கள் அதைச் சின்னதாகக் கீறுவார்கள், அல்லது காற்சட்டைப் பைக்குள் போட்டுவிடுவார்கள். உங்கள் உள்ளங்கையின் அடியை நாடியில் வைத்து முகத்தின் மேல் கையை விரித்துப் பாருங்கள். நடுவிரல் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தைத் தொடும். கை அவ்வளவு பெரியது. பாதம் அதையும் விடப் பெரியது: முழங்கையின் உள்மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள நீளம் ஏறத்தாழப் பாதத்தின் நீளம். நம்பாதவர்கள் நிலத்தில் உட்கார்ந்து பாதத்தின் பக்கத்தில் முன்னங்கையை வைத்துப் பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு நின்றால் முழங்கை இடுப்பு மட்டத்திலும், மணிக்கட்டு கால் பிரியும் மட்டத்திலும் வரும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் கையின் மிச்சப் பிழைகளைக் கண் மன்னித்துவிடும்.

அளவு சரி, ஆள் மட்டும் மரம்

தோள் ஒரு கிடைக்கோடு, இடுப்பு ஒரு கிடைக்கோடு, இரண்டு காலிலும் சமமாகப் பாரம். அணிவகுப்பில் நிற்பவரைத் தவிர யாரும் அப்படி நிற்பதில்லை. பஸ் வராமல் அலுத்துப்போனவர் ஒரு காலில்தான் நிற்பார். பாரம் தாங்கும் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். கழுத்துக் குழியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால் பாரம் தாங்கும் காலின் கணுக்காலை ஒட்டி விழும். நூல் வேறெங்கோ விழுகிறது என்றால், நீங்கள் கீறிய ஆள் விழப்போகிறார்.

இதைப் பார்க்க 1877இல் திறந்த கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பொலன்னறுவையில் கிடைத்த சோழர் பாணி வெண்கலச் சிலைகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் பார்வதியின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தலை ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம், இடுப்பு மீண்டும் முதல் பக்கம்; திரிபங்கம் என்பது இதுதான். சிலையின் தோள் அகலத்தையும் இடை ஒடுக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அவை தாலக் கணக்கில் செய்தவை. சாய்வை மட்டும் கொண்டுவாருங்கள்.

"இது என் ஸ்டைல்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொரளை கோதமி விகாரைக்குப் போய் ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939-40இல் கீறிய சுவரோவியங்களைப் பார்க்கலாம். கண்ணும் கையும் இயல்பான அளவில் இல்லை. ஆனால் ஒரு உருவத்தில் நீண்ட கை அடுத்த உருவத்திலும் அதே மாதிரித்தான் நீள்கிறது. பழகுபவருடைய கொப்பியில் இடக்கை வலக்கையை விட நீண்டிருப்பதை ஸ்டைல் என்று சொல்ல முடியாது.

தாளும் போனும் செய்கிற குறும்பு

எல்லாம் அளந்து கீறியும் தலை பெருத்தால் மேசையைப் பாருங்கள். தாளைப் படுக்கவைத்துக் கீறும்போது தாளின் மேற்பகுதி உங்கள் கண்ணுக்குத் தூரம், கீழ்ப்பகுதி கிட்ட. தூரத்தில் இருப்பது சுருங்கித் தெரிவதால், அதைச் சரிக்கட்டக் கை தன்பாட்டில் தலையைப் பெரிதாகக் கீறிவிடும். தாளைத் தூக்கி நேரே பிடித்ததும் குட்டு வெளிப்படும். ஒரு பலகையில் தாளைப் பொருத்தி, இரண்டு புத்தகங்களை முட்டுக்கொடுத்துச் சாய்த்துவைத்தால் போதும்.

போனில் எடுத்த படத்தைப் பார்த்துக் கீறுகிறவர்களுக்கு இது இரட்டிப்பு. கிட்ட நின்று, முகத்துக்கு நேரே போனைப் பிடித்து முழு ஆளையும் எடுத்தால், தலை கமராவுக்குக் கிட்ட, பாதம் தூரத்தில். படத்திலேயே கால் குட்டைதான். நாலைந்து மீற்றர் பின்னால் போய், போனை ஆளின் இடுப்பு மட்டத்துக்கு இறக்கி, தேவையென்றால் சூம் பண்ணி எடுங்கள். கீறி முடித்ததையும் ஒரு படம் எடுத்து இடவலம் புரட்டிப் பாருங்கள். இவ்வளவு நேரம் கண்ணுக்குப் படாத கோணல் உடனே பல்லைக் காட்டும்.

உட்கார்ந்திருப்பவரும் கூட்டமும்

நிலத்தில் சம்மணமிட்டு இருப்பவர் நாலு தலை உயரம், கதிரையில் இருப்பவர் ஆறு தலையை ஒட்டி. இது பக்கத்திலிருந்து பார்க்கும்போது. உங்களை நோக்கி நீட்டிய தொடைக்கு எந்தத் தலைக் கணக்கும் செல்லாது. அது ஒரு தலைகூட நீளமில்லாமல் தெரியும், முழங்கால் பெரிதாகத் தெரியும். "தொடை இவ்வளவு நீளமாயிற்றே" என்று அறிவு சொல்வதைக் கேட்டால் படம் கெடும், பென்சிலால் அளந்ததைக் கீறுங்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் எடுக்கும் பிள்ளைகள் சந்தை, திருவிழா என்று பலர் நிற்கும் காட்சிகளைக் கீறுவார்கள். பின்னால் நிற்பவர்களைச் சின்னதாகக் கீற வேண்டும் என்று தெரியும், எங்கே வைப்பது என்று தெரியாது. அதனால் ஆட்கள் அந்தரத்தில் மிதப்பார்கள். இதற்கு விடை காலி முகத்திடலில் இருக்கிறது. நடைபாதையில் நின்று, உங்களுக்கும் கடலுக்கும் இடையில் நிற்பவர்களைப் பாருங்கள். வானமும் கடலும் சேரும் கோடு உங்கள் கண் மட்டத்தில்தான் இருக்கும். அதே சமதரையில் உங்கள் உயரத்தில் நிற்கும் எவருக்கும், பத்தடியில் நின்றாலும் நூறடியில் நின்றாலும், அந்தக் கோடு அவருடைய கண்ணோடுதான் ஓடும். பிள்ளைகள் முழுதாகக் கோட்டுக்குக் கீழே, நெடியவர்களுடைய தலை கோட்டுக்கு மேலே. தூரம் கூடக் கூடப் பாதங்கள் மட்டும் தாளில் மேலேறும். அதே இடத்தில் நிலத்தில் உட்கார்ந்து கீறினால் கோடு நிற்பவர்களுடைய இடுப்பு மட்டத்துக்கு இறங்கிவிடும், எல்லோருக்கும் ஒரே மாதிரி. சந்தையைக் கீறும்போதும் இந்தக் கோட்டை முதலில் போட்டுவிட்டு ஆட்களை அதில் தொங்கவிடுங்கள்.